ஆனை நெருஞ்சிக்கு ஊற்றிய தண்ணீர்

நெருஞ்சி என்று சொன்னாலே எங்கள் ஊரில் உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிவகாசிக்கும் விஸ்வநத்தத்துக்கும் இடையில் கிடக்கிற சரளைக்காட்டில் ஒரு தடவை செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அந்தப் பெயர்மேல் பிரியம் வர வழியே இல்லை. ஆனால் அவர்கள் மிதித்தது சின்ன நெருஞ்சி. அது தரையோடு ஒட்டிப் படர்ந்து, துளியூண்டு மஞ்சள் பூவைக் காட்டி ஆளை மயக்கிவிட்டு, அடியில் முள்ளை வைத்திருக்கும். எனக்குச் சொந்தமாக இருந்தது ஆனை நெருஞ்சி. அதற்கும் பூ மஞ்சள்தான், முள்ளும் உண்டு. குணம்தான் வேறு.

ஆனை நெருஞ்சி படராது, முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். தண்டைத் தொட்டால் சாறு ஏறி மொழுமொழுவென்று இருக்கும். இலை தடிப்பாக, ஓரமெல்லாம் வெட்டுவெட்டாக, சாம்பல் பூசினாற்போன்ற பச்சை. ஒவ்வொரு இலை இடுக்கிலிருந்தும் ஒரு பூ வரும். சின்னக் குழலாக நீண்டு, நுனியில் ஐந்து இதழாக விரிந்து, நல்ல எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கும். இலையைக் கசக்கிவிட்டால் மட்டும் ஒரு கெட்ட வாடை அடிக்கும். ஆடுகள் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். மண் என்று பேர் சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கோடை மழைக்கு முளைக்கும்; தை பிறப்பதற்குள் பூத்துக் காய்த்துக் காய்ந்து போய்விடும். அவ்வளவுதான் அதன் ஆயுசு. அந்த ஆயுசுக்குள் அது பார்த்துவிட்டுப் போகிற வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அப்படி ஒன்று முளைத்தது. வைகாசியில் ஒரே ஒரு மழை பெய்திருந்தது. அந்த மழைக்குப் பொட்டல் பூராவும் என்னென்னவோ முளைத்தன. நான் அதை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். காரணமெல்லாம் கிடையாது. தெருவில் ஒருத்தியிடம் நாய்க்குட்டி இருந்தது, இன்னொருத்தியிடம் சைக்கிள் இருந்தது, என்னிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

செடி வைத்திருப்பவள் தண்ணீர் ஊற்ற வேண்டாமா? எங்கள் தெருவில் தண்ணீர் வருவது அருமை. வந்தால் குடத்தோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் ஒரு களைச்செடிக்கு ஊற்றினால் முதுகில் விழும். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் செடிக்குத் தண்ணீர் தினமும் வேனில் வந்தது.

அம்மா பட்டாசுக் கம்பெனியில் தரைச் சக்கரம் சுற்றுகிற வேலையில் இருந்தாள். கம்பெனி வேன் விடியற்காலையில் தெருமுனைக்கு வரும். சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த வேனை ஓட்டியது என் மாமாதான், அம்மாவின் தம்பி. அம்மா காலையில் ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதைச் சுற்றி ஈரச் சாக்குத்துணியைத் தைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் நான் வேனுக்கு ஓடிப்போய் முதலில் அந்தப் பாட்டிலைத்தான் பிடுங்குவேன். காலையில் போனபடியே நிறையத் திரும்பி வரும், அதிகம் போனால் கழுத்தளவு குறைந்திருக்கும். பகலெல்லாம் வெக்கையில் கிடந்து வெதுவெதுவென்று ஆன தண்ணீர் யாருக்கும் வேண்டாம். நான் கொண்டுபோய் என் செடிக்கு ஊற்றுவேன்.

அம்மா எனக்காகத்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடித்துக் கொண்டுவருகிறாள் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அவளிடம் கேட்டபோது "ஆமா"வென்றுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி நான் பீற்றிக்கொண்டதற்கு அளவில்லை. உங்கள் அம்மா யாராவது ஒரு செடிக்காகத் தாகத்தை அடக்குவாளா என்று கேட்டேன்.

ஆடி பிறந்தது, மழை இல்லை. ஆவணியும் காய்ந்தது. பொட்டலில் இருந்த அத்தனையும் கருகி, சரளை மட்டும் மிச்சமானது. நடுவில் என் செடி மட்டும் கிளைவிட்டு, பூவும் காயுமாக, ஊருக்கே தான்தான் மைனர் என்கிற மாதிரி நின்றது. கம்பெனியில் அதுதான் சீசன். தீபாவளி ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர், போனில்தான் அவ்வப்போது பேசினார். அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது.

என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்து மறைப்புக்குள் போவாள், வெகுநேரம் வரமாட்டாள். வரும்போது சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். உடம்பு கொதிக்கும், சில நாள் குளிர்நடுக்கம் வரும். கேட்டால், சூடு என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால், சீசன் முடியட்டும் என்பாள். காலையில் எப்படியோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தலைசீவி, வேன் ஏறிவிடுவாள்.

இப்போது எனக்கு அதன் பெயர் தெரியும், எழுதவும் கூச்சமில்லை: நீர்க்கடுப்பு. அப்போது எங்கள் தெருவில் ஒரு பொம்பளை அந்த வார்த்தையை ஆம்பளை காதுபடச் சொல்லிவிட்டால் பூமி பிளந்துவிடும் என்று நினைத்தார்கள். அதிலும் கூடப்பிறந்த தம்பியிடம் அக்காவும், அக்காவிடம் தம்பியும் அதைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. அம்மா வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ள அவளால் ஆகாது.

ஆனாலும் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் வேன் வருகிற வழியில், அம்மா என்றும் இல்லாத வழக்கமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் போயிருக்கிறாள். திரும்பி வந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாளாம். வேனுக்குள் இருந்த ஒரு பெண்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காததைப் பார்த்துத்தான் தனக்கு விளங்கியது என்று மாமா பின்னாளில் சொன்னார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை ஒரு பொறுப்பான மனிதர் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. வேன் ஓட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் வித்தை காட்டிக்கொண்டு திரிவார். காதுக்குள்ளிருந்து காசு எடுப்பார், கயிற்றை வெட்டி ஒட்டவைப்பார். பாதி வித்தை நடுவிலேயே குட்டு வெளிப்பட்டுப் போகும், அதற்கும் அவரே முதலில் சிரித்துவிடுவார். அவருக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரியாபட்டிப் பக்கம் ஓர் இடம் ஏறக்குறையப் பேசி முடித்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறி, பஜாரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், நீர்க்கடுப்புக்கு மருந்து கேட்டிருக்கிறார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதும், கொஞ்சமும் யோசிக்காமல், எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். கடைக்காரருக்குக் காது மந்தம்போல. கேட்ட கேள்வியெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாராம். எரிகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, எத்தனை நாளாக என்று அவர் கேட்கக் கேட்க, மாமா தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார். மாமா பஸ்ஸைவிட்டு இறங்குவதற்கு முன்னால் சேதி வந்து இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் டீக்கடையில் அவரைப் படுத்தியபாடு கொஞ்சமில்லை. காரியாபட்டிக்காரர்களும் எப்படியோ கேள்விப்பட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லி மெல்ல நழுவிக்கொண்டார்கள். மாமா எதற்கும் மறுத்துப் பேசவில்லை.

காய்ந்த சரக்கைவிடப் பச்சைச் செடிதான் உடனே கேட்கும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனை நெருஞ்சியை இலையும் தண்டுமாகத் தண்ணீரில் விட்டுச் சுழற்றினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகும், அதை அப்போதே குடித்துவிட வேண்டும் என்பது அவர் சொன்ன பக்குவம். மாமா நெருஞ்சி என்பதைப் பிடித்துக்கொண்டார், ஆனை என்பதைக் கோட்டைவிட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. மாமா ஒரு செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கத்தைச் சின்ன நெருஞ்சி. அது எந்தப் பஞ்சத்திலும் கிடைக்கும்.

"மருமகளே, இந்தத் தண்ணிய நெய்யாக்கிக் காட்டட்டுமா?"

காட்டுங்கள் என்றேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றோம். அவர் சுழற்றினார், சுழற்றினார், தோள்பட்டை வலிக்கிற மட்டும் சுழற்றினார். தண்ணீர் கலங்கி, மாட்டுத்தொட்டித் தண்ணீர் மாதிரி ஆனது. நெய் எங்கே மாமா என்று நான் கேட்டேன். மந்திரத்துக்குக் கொஞ்சம் நேரமாகும் என்றார். அதற்குள் முள் குத்திக் கையை உதறினார். பிள்ளைகள் ஊவென்று கூவிக்கொண்டு கலைந்துவிட்டார்கள்.

வழக்கமாகத் தோற்றுப்போன வித்தைக்குச் சிரிப்பவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இந்த நெருஞ்சி ஒன்றுக்கும் ஆகாது மாமா, என்னிடம் இருப்பது இதைவிட எவ்வளவோ பெரியது, பூவே இத்தனை பெரிதாக இருக்கும் என்று விரலைக் காட்டினேன். அவரைத் தேற்றுவதற்காகப் பேச ஆரம்பித்து, கடைசியில் என் செடியின் பெருமையில் வந்து நின்றேன். மாமா மெல்லத் தலையைத் தூக்கினார். காய் எப்படி இருக்கும் என்று கேட்டார். நாலு மூலையிலும் முள் இருக்கும் என்றேன். கடைக்காரர் சொன்ன அடையாளம் அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல விறுக்கென்று எழுந்துவிட்டார்.

பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு செடியைப் பார்த்தார். சுற்றிக் கிடந்த வெறுங்காட்டைப் பார்த்தார். மறுபடி செடியைப் பார்த்தார்.

"இம்புட்டுக் காஞ்ச காட்டுல இது மட்டும் எப்படி புள்ள பச்சையா நிக்கிது?"

நான் சொன்னேன். அம்மாவின் பாட்டில் தண்ணீர்தான் என்றேன். தினமும் நிறையக் கொண்டுவருவாள், என் செடிக்காக அவள் குடிக்கவே மாட்டாள் என்றேன்.

"தெனமுமா? பாட்டில் நெறையவா?"

ஆமாம் என்று பெருமையாகத் தலையை ஆட்டினேன். மாமா பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் செடியின் அழகைப் பார்த்து ஆள் அசந்துபோய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

பிறகுதான் சண்டை ஆரம்பித்தது. அவர் செடியைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். தொட்டால் கடித்துவிடுவேன் என்றேன். சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அந்தப் பதில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கிளை, அதுவும் அடிக்கிளை, ஒடிக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன் என்று பேசி முடித்தோம். மாமா செடிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிளையை வலிக்காமல் ஒடித்தார். கிண்டலுக்கு அப்படிச் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, அந்தக் கிளையை விட்டுச் சுழற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் தண்ணீராகவே சுற்றியது. பிறகு அதன் சத்தம் மாறியது. சலசலப்பு அடங்கி, கனத்த மாதிரி சுற்றியது. மாமா கிளையை மேலே தூக்கினார். அதோடு தண்ணீரும் எழுந்து வந்தது, கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, நூலாக நீண்டு, அறாமல். நிறமும் மாறவில்லை, கலங்கவும் இல்லை. அதே தெளிந்த தண்ணீர்தான், ஆனால் கையில் பிடித்துத் தூக்கலாம்போல இருந்தது. நான் வாயைப் பிளந்துவிட்டேன். மாமா காட்டிய வித்தைகளிலேயே குட்டு உடையாத வித்தை அது ஒன்றுதான். அதையும் செய்தது என் செடி.

இதை முதலில் யார் குடிக்க வேண்டும் தெரியுமா என்று மாமா கேட்டார். நான்தான் என்றேன்.

"இல்ல. செடிக்குத் தண்ணி குடுத்தவுகதான் மொதல்ல குடிக்கணும். இல்லாட்டிப் பலிக்காது."

நான்தானே தினமும் ஊற்றுகிறேன் என்று சண்டைக்குப் போனேன். நீ ஊற்றினாய் சரி, தண்ணீர் யாருடையது என்று கேட்டார். கொஞ்சம் பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டு, வடிகட்டி, செம்பை என் கையில் கொடுத்தார். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் தெருவைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அம்மா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். நான் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்: மந்திரம், நெய், செடி, நீ குடித்தால்தான் பலிக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்து செம்புக்குள் பார்த்தாள். விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வாசலில் தெரிந்த மாமாவின் முதுகைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துபோனது. அந்தச் செம்பு முழுவதையும் மடக்கு மடக்கென்று குடித்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமாவச் சாப்பிட்டுப் போகச் சொல்லு."

நான் திரும்பி வாசலுக்குச் சொன்னேன். வாசலுக்கும் பாயிருந்த இடத்துக்கும் ரெண்டு எட்டு வைத்தால் போய்விடுகிற தூரம்தான். அவர் காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் பதில் வந்தது.

"செடிக்கு இனிமே நான் தண்ணி கொண்டாரேன். பாட்டில் தண்ணிய ஒங்கம்மாவையே குடிக்கச் சொல்லு."

அது எப்படி, அது என் செடித் தண்ணீர் என்று எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அம்மாவிடம் திரும்பி, பாட்டில் தண்ணீரை நீயே குடிக்க வேண்டுமாம் என்று சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நான் எந்திரிச்சா மத்த மூணு பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்னு சொல்லு."

சொன்னேன். என்றைக்கும் அக்காவிடம் குரலை உயர்த்தாத மாமா, தெருவைப் பார்த்தபடியே கொஞ்சம் அதட்டலாகச் சொன்னார்.

"அப்ப நாலு பேரும் சேந்து எந்திரிக்கச் சொல்லு."

இதையும் நான் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் காரியமே ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் எதைப் பேசினார்கள் என்பது பெரியவளான பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது. கம்பெனியில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். நாலு பக்கமும் கதவு, வெறுங்கால், வாயில் பேச்சுக்கூட அளவோடுதான். சக்கர வேலை கை மாறிக் கை மாறிப் போகிற வேலை: ஒருத்தி குழாயை எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி சுற்ற, அடுத்தவள் பசை தடவ, கடைசி ஆள் அடுக்குவாள். சுற்றுகிற கை அம்மாவுடையது. அது நின்றால் எல்லாம் நிற்கும். கக்கூஸ் இருந்தது காம்பவுண்டுக் கடைசியில். கைகாலைக் கழுவி, வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து, போய் வருவதற்குள் மற்றவர்கள் முகத்தில் சலிப்பு தெரிந்துவிடும். அம்மா யாருக்கும் பாரமாக இருக்க விரும்புகிறவள் இல்லை. தண்ணீர் குடித்தால்தானே எழுந்திருக்க வேண்டும், குடிக்காமலே இருந்துவிட்டால்? அப்படித்தான் பாட்டில் நிறைய வீட்டுக்கு வந்தது. மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாட்டிலை அப்படியேதான் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒருத்திக்காக ஒருத்தி என்று நாலு பேருமே வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் மட்டும் அதைச் செடிப் பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாளும் ஒரு கிளை போனது, அதற்கு மறுநாளும். அம்மாவின் முகத்தில் தெளிவு வந்தது. சேலைத் தலைப்பைக் கடிப்பது நின்றது. கொழகொழத் தண்ணீரை ஒரு டம்ளர் ஒளித்துவைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குள் அது வெறும் தண்ணீராகிவிட்டிருந்தது. இந்தச் செடியின் வித்தை கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வகுப்பே சிரித்தது. மாமாவின் மருமகள்தான் என்று டீச்சர் சொன்னார்.

சேதி பரவி, தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரு கிளை வேண்டும். யாருக்கும் தனக்கென்று வேண்டாம். எதிர்வீட்டு அத்தை தன் வீட்டுக்காரருக்கு என்றார்; அந்த அத்தைதான் அம்மாவின் ரூமில் பசை தடவுகிறவர். இன்னொருத்தி அண்ணனுக்கு என்றாள், இன்னொருத்தி கொழுந்தனுக்கு என்றாள். ஒங்க மாமாவுக்குக் கேட்டுச்சாமே, பாவம் அவருக்கும் அதேதான் என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வாங்கிப் போனார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் தெருவில் ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் நீர்க்கடுப்பு, பொம்பளைகள் ஒருத்திக்கும் இல்லை. மாமா கெடுத்துக்கொண்ட பேர் இப்படி எல்லோருக்கும் குடையானது. பின்னாளில் வந்த அத்தை, அதாவது மாமாவைக் கட்டிக்கொண்டவர், இதைச் சொல்லித்தான் இன்றைக்கும் அவரைக் கேலி செய்கிறார். மாமா இன்றைக்கும் அது தனக்கு இல்லை என்று சொல்வதில்லை.

என் செடி மொட்டையாகிக்கொண்டே வந்தது. நான் நடுவில் ஒரு கிளையை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று நூல் சுற்றி வைத்தேன். அந்த ஒற்றைக் கிளையில் அது பாட்டுக்குப் பூத்தது. ஒடிக்க ஒடிக்கப் பக்கத்தில் துளிரும் விட்டது. இத்தனை பேருக்குக் கொடுத்துவிட்டும் ஒரு செடியால் எப்படிப் பூக்க முடிகிறது என்று நான் அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவை மாமா கட்டாயப்படுத்திப் பெரியாஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் காட்டினார், மாத்திரையும் சாப்பிட்டாள். டாக்டரிடம் போகிற அளவுக்குக் கூச்சத்தைக் கரைத்தது என் செடிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. அன்று கம்பெனியில் பதினோரு மணி வெயிலில் சக்கர ரூமிலிருந்து நாலு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து, வெறுங்காலோடு, வரிசையாகக் காம்பவுண்டுக் கடைசிக்கு நடந்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அத்தைதான் முதலில் எழுந்தாராம். போர்மேன் என்னவோ முணுமுணுத்தாராம். இவர்கள் காதில் விழாத மாதிரி நடந்தார்களாம். யார் கையும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மத்தியானமும் அதே மாதிரி. இதெல்லாம் அம்மா எனக்குக் கல்யாணமான பிறகு சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வேன் வந்தது, நான் ஓடினேன், பைக்குள் கையைவிட்டுப் பாட்டிலை இழுத்தேன், அது இலேசாக வந்தது.

ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தேன். ஒரே ஒரு சொட்டு, அதுவும் யோசித்து யோசித்துத்தான் விழுந்தது. நான் தெருவென்றும் பார்க்காமல் அழ ஆரம்பித்துவிட்டேன். என் செடி இருக்கிறது என்ற நினைப்புக்கூட இல்லாமல் அம்மா அவ்வளவையும் தானே குடித்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அழுதேன்.

மாமா டிரைவர் சீட்டிலிருந்து குதித்து வந்து பாட்டிலை என் கையிலிருந்து வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார், கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. வேனைவிட்டு இறங்கிய அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பின்னால் இறங்கிய மற்ற மூன்று பேரும் தங்கள் காலிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தத் தெருவில் ஒருத்தருக்காவது என் செடிமேல் இரக்கம் இருக்கிறதா என்று நான் இன்னும் சத்தமாக அழுதேன்.